இடது கையில் கரண்டி

மன்னார்குடிப் பக்கம் இருக்கும் சித்தி வீட்டுக்கு ஒருமுறை டென்மார்க்கிலிருந்து வந்திருந்த அலுவலகத் தோழியை அழைத்துப் போயிருந்தேன். ஏதோ ஒரு பயண வழிகாட்டியைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார். இந்தியாவில் இடது கையால் சாப்பாட்டைத் தொடக் கூடாது என்ற ஒரு வரி அவர் மனதில் நன்றாகத் தங்கிவிட்டது போல. இலையில் உட்கார்ந்ததும் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். வலது கையால் பருப்புச் சாதத்தைப் பிசைந்து தடுமாறாமல் சாப்பிட்டார். சித்திக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அப்புறம் இன்னும் கொஞ்சம் சாம்பார் தேவைப்பட்டது. கேட்கக் கூச்சப்பட்டு, பருப்பும் நெய்யும் அப்பியிருந்த அந்த வலது கையாலேயே சாம்பார்ப் பாத்திரத்தில் இருந்த கரண்டியைப் பிடித்து ஊற்றிக்கொண்டார்.

சித்தி ஒன்றும் சொல்லவில்லை. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் வேறு பாத்திரம், வேறு கரண்டி. தோழிக்கு எதுவும் புரியவில்லை. விதியைச் சரியாகத்தானே கடைப்பிடித்தேன் என்று அவர் நினைத்திருப்பார். உண்மையில் கரண்டியை அவர் பிடித்திருக்க வேண்டியது இடது கையால்தான்.

வெளிநாட்டவருக்காக எழுதப்படும் சாப்பாட்டு நடைமுறைப் பட்டியல்களில் இருக்கிற கோளாறு இதுதான். செய், செய்யாதே என்று இருபது விதி இருக்கும். ஏன் என்பது இருக்காது. ஏன் என்று தெரிந்தால் இருபதில் பாதியைத் தூக்கிப் போட்டுவிடலாம். அந்தப் பாதிக்கும் காரணம் ஒரே சொல்: எச்சில்.

தமிழிலும் மலையாளத்திலும் எச்சில், தெலுங்கில் எங்கிலி, கன்னடத்தில் எஞ்சலு, இந்தியில் ஜூட்டா, மராத்தியில் உஷ்ட்டா, வங்காளத்தில் எண்ட்டோ. இந்தியாவின் பெரிய மொழிகள் பலவற்றில் இதற்குத் தனிச் சொல் இருக்கிறது. ஐரோப்பிய மொழிக்காரர்களுக்கு இதை ஒரே சொல்லில் சொல்ல முடிவதில்லை. உமிழ்நீர் என்றாலும் சரியாக வராது, மிச்சம் என்றாலும் வராது. வாயில் பட்டது, வாயில் பட்ட கையில் பட்டது, அந்தக் கை பட்ட கரண்டி, அந்தக் கரண்டி போன பாத்திரம் என்று எச்சில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே போகும். கிருமி பற்றிய பயம் என்று மட்டும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கிருமி என்ற பேச்சே இல்லாத காலத்துப் பழக்கம் இது. கை கழுவினால் போகும், பாத்திரத்தைத் தேய்த்தால் போகும் என்பதால் சுத்தத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆனால் சுத்தம் மட்டும் இல்லை.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும். சொம்பில் தண்ணீர் கொடுத்தால் அண்ணாந்து குடிக்க வேண்டும், விளிம்பில் உதடு படக் கூடாது. பழக்கமில்லாதவர் சட்டையெல்லாம் நனைத்துக்கொள்வார். அதனால் ஒன்றும் குற்றமில்லை, தம்ளர் கேட்டால் கொடுப்பார்கள். தன் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து, ருசி பாருங்கள் என்று பக்கத்து ஆளின் தட்டில் வைப்பது மேலை நாட்டு விடுதிகளில் நட்பின் அடையாளம். இங்கே, சாப்பிட ஆரம்பித்த பிறகு அப்படிச் செய்தால் அவர் மரியாதைக்காகச் சிரித்துவிட்டு அதைத் தொடாமல் ஓரமாக ஒதுக்கிவைப்பார். சமைக்கும்போது கரண்டியில் உப்புப் பார்க்கிறவர்கள் கரண்டியை வாயில் வைப்பதில்லை, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். சாப்பிடுகிற கை வலது கை. ஆகவே சாப்பிட உட்கார்ந்த பிறகு எச்சில் கையும் வலது கைதான். தண்ணீர்த் தம்ளரை எடுக்க, கரண்டியைப் பிடிக்க, அப்பளத் தட்டை நகர்த்த இடது கை வேலைக்கு வரும். இடது கை அசுத்தம் என்ற விதியும் பொய்யில்லை. கழிப்பறையில் அதற்கு உள்ள வேலை எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அதைக் கொண்டு சோற்றைத் தொடுவதில்லை, யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை. இரண்டு விதியும் ஒரே பந்தியில் ஒன்றாக வேலை செய்கின்றன. பட்டியலைப் படித்துவிட்டு வருகிறவருக்கு ஒன்றுதான் தெரிந்திருக்கிறது.

இவ்வளவு கறாராக இருக்கிற நாம்தான் பிறந்தநாள் கேக் வந்தால் ஒரே துண்டை ஆளுக்கு ஒரு கடி கடிக்கக் கொடுத்து வரிசையாக வாயில் ஊட்டிவிடுகிறோம். அங்கே எச்சில் எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஒருவேளை நெருக்கத்தைக் காட்டத்தான் அந்தக் கோட்டைத் தாண்டுகிறோமோ என்னவோ. கண்ணப்பர் மென்று ருசி பார்த்துத் தேர்ந்த இறைச்சியைக் காளத்தி நாதருக்குப் படைத்த கதை நமக்குப் பிடிப்பதும் அதனால்தான். எச்சில் என்றால் என்ன என்று தெரியாதவருக்கு அந்தக் கதையில் சிலிர்க்க ஒன்றும் இருக்காது.

சரி, இலைக்கு வருவோம். கல்யாணப் பந்தியில் நுனி இலை போட்டால் நுனி சாப்பிடுகிறவரின் இடது பக்கம் இருக்க வேண்டும். அகலமான பக்கம் வலப்புறம் வந்தால்தான் வலது கையால் பிசைய இடம் கிடைக்கும். தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்துக்கொள்ளலாம். உப்பு, ஊறுகாய், பச்சடி, கூட்டு, பொரியல் எல்லாம் மேல் பாதியில் வரும். சோறு கீழ்ப் பாதியில். பல இடங்களில் முதலில் ஒரு துளி இனிப்பு. பிறகு பருப்பு நெய், சாம்பார், வத்தக்குழம்போ மோர்க்குழம்போ, ரசம், பாயசம், கடைசியாக மோர். விருந்தாளி செய்யும் பெரிய தப்பு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலப்பதுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு வாங்க வேண்டும். முதல் சுற்றிலேயே ஒரு மலையை வாங்கிக்கொண்டு, ரசம் வரும்போது திணறிய எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் வெளிநாட்டவர் குறைவு, சென்னைக்காரர்கள்தான் அதிகம்.

கேரளத்து சத்யா விருந்திலும் இலையின் நுனி இடப்பக்கம்தான். ஆனால் பாயசம் வந்ததும் அங்கே ஸ்பூன் தேடக் கூடாது. இலையிலேயே ஊற்றுவார்கள், விரலை வளைத்து வழித்துச் சாப்பிட வேண்டும். திருவனந்தபுரம் பக்கம் போளியைப் பாயசத்தில் பிசைந்து சாப்பிடுவார்கள். வங்காளத்தில் வரிசையே வேறு. சுக்தோ என்ற கசப்பான காய்கறிக் கூட்டில் ஆரம்பித்து, பருப்பு, வறுவல், மீன், அப்புறம் இனிப்புச் சட்னி, கடைசியில் மிஷ்டி எனப்படும் இனிப்புப் பலகாரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். மீன் எங்கே என்று முதலிலேயே தேடக் கூடாது.

சாப்பிட்டு முடித்ததும் இலையை எந்தப் பக்கமாக மடிப்பது என்பதில் ஊருக்கு ஊர் சண்டை உண்டு. பரவலான வழக்கம், மேல் பாதியைத் தன் பக்கமாகக் கொண்டுவந்து மூடுவது. துக்க வீட்டுச் சாப்பாட்டில் அதற்கு எதிராக வெளிப்பக்கம் மடிப்பார்கள். வெளிநாட்டு விருந்தாளி தப்பாக மடித்தால் யாரும் ஒன்றும் நினைக்கப்போவதில்லை. அவரை அழைத்து வந்தவருக்குத்தான் கேலி காத்திருக்கும்.

பந்தியில் இன்னொரு சிக்கல் 'போதும்' என்ற சொல். அதற்குப் போதும் என்று அர்த்தமில்லை. முதல் போதும் வெட்கம், இரண்டாவது போதும் மரியாதை, மூன்றாவதைத்தான் பரிமாறுகிறவர் காதில் வாங்குவார், அதையும் பாதிதான் வாங்குவார். வாயால் சொல்வதைவிட இலைக்கு மேலே கையை விரித்து மறைப்பதுதான் பலிக்கும். குஜராத்தில் இதற்கு ஆக்ரஹ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அன்போடு வற்புறுத்துவது என்று அர்த்தம். அங்கே தாலி என்ற தட்டுச் சாப்பாடு போடும் விடுதிகளில் சின்னக் கிண்ணத்தைக் காலி செய்தால் அடுத்த நொடி நிரப்பிவிடுவார்கள். தட்டைக் காலியாக்குவதுதான் நாகரிகம் என்று வளர்ந்த ஒருவர் அங்கே உட்கார்ந்தால் கதி அதோகதிதான். நிறுத்த நினைத்தால் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

இதற்கு நேர் எதிர் 'நன்றி'. என் தோழி கரண்டி கரண்டிக்கு நன்றி சொன்னார். பொரியலுக்கு ஒன்று, அப்பளத்துக்கு ஒன்று. பரிமாறிக்கொண்டிருந்த சித்தி மகன் ஏழாவது நன்றியில் என்னைப் பார்த்து, "அக்கா, இவங்ககிட்ட நாம என்ன சொல்லணும்?" என்று கேட்டான். வீட்டில் சோறு போட்டவருக்கு நன்றி சொல்லும் பழக்கம் நம்மிடம் இல்லை. சொன்னால் கணக்கைத் தீர்த்த மாதிரி இருக்கும். ரசம் நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் விடுங்க என்று கேட்டால் சமைத்தவருக்கு அதுவே போதும்.

ஒருவர் வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்கிறோம். எங்க வீட்டில் கை நனைக்காமல் போகிறீர்களே என்று வருத்தப்படுவார்கள். பெண் பார்க்கப் போகிற இடத்தில், சம்பந்தம் முடிவாகும் முன் கை நனைக்க மாட்டார்கள். காபி, பஜ்ஜியோடு சரி. பகை வந்துவிட்டால் அந்த வீட்டில் கை நனைப்பது நிற்கும். சாப்பாடு மறுப்பது இங்கே வயிற்றுச் சமாச்சாரமாக மட்டும் எடுத்துக்கொள்ளப்படாது என்பதை வருகிறவர்கள் தெரிந்துகொண்டால் நல்லது. பசியில்லை என்றால் ஒரு தம்ளர் மோராவது வாங்கிக் குடித்துவிட வேண்டும்.

கை நனைப்பது உறவு என்றால், நனைக்க மறுப்பது விலக்கு. எச்சிலின் அழகான பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் அது ஏமாற்று. யார் யாருடைய கையால் சாப்பிடலாம், யார் பக்கத்தில் உட்காரலாம் என்ற சாதிக் கணக்கும் இந்த எச்சில் தீட்டோடுதான் பின்னிக் கிடந்தது. டீக்கடைகளில் சிலருக்கு மட்டும் தனிக் குவளை வைத்த இரட்டைக் குவளை முறை அதன் அசிங்கமான முகம். 1920-களில் விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் காங்கிரஸ் நிதியுதவியும் பெற்று நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது தமிழக அரசியலையே உலுக்கியது. 1925-இல் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்குப் பின்னால் அந்தக் கசப்பும் இருந்தது. கேரளத்தில் 1917-இல் சீர்திருத்தக்காரர் சகோதரன் அய்யப்பன் செறாயி என்ற ஊரில் தன் சாதியான ஈழவர்களையும், அவர்களுக்கும் கீழாக வைக்கப்பட்டிருந்த புலயர்களையும் ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பிடச் செய்தார். அதற்காகப் புலயன் அய்யப்பன் என்று இழிவாகக் கூப்பிட்டார்கள். அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார். பொது உணவகங்களில் சாதி பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவிலேயே எழுத வேண்டியிருந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்றும் ஆகஸ்ட் 15 அன்று தமிழ்நாட்டுக் கோயில்களில் அமைச்சர்களும் அதிகாரிகளும் பொது மக்களோடு உட்கார்ந்து சாப்பிடும் பொது விருந்து நடக்கிறதே, சமபந்தி என்று நாம் சொல்வது, அது இந்த வரலாற்றிலிருந்து வந்ததுதான்.

இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு அமிர்தசரஸ் பொற்கோயிலின் லங்கர் எனப்படும் பொதுச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனால் அங்கே நடப்பது வேறு மாதிரித் தெரியும். சாதாரண நாளிலேயே 50,000 பேருக்கு மேல் சாப்பிடுகிற இடம். செருப்பைக் கழற்ற வேண்டும், தலையை மூட வேண்டும், கையில் ஒரு எவர்சில்வர் தட்டோடு தரையில் வரிசையாக உட்கார வேண்டும். பங்கத் என்று அந்த வரிசைக்குப் பெயர். குருவைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் பங்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு என்று விதி வைத்தவர் சீக்கியர்களின் மூன்றாவது குருவான அமர்தாஸ். அக்பரும் அப்படி உட்கார்ந்தார் என்பது சீக்கியர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. தட்டில் ரொட்டியை வைக்க மாட்டார்கள். இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும், மேலிருந்து போடுவார்கள். அதைப் பிரசாதா என்பார்கள். புதிதாக வருகிறவர் ஒற்றைக் கையை நீட்டினால், பரிமாறுகிற பெரியவர் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார், இன்னொரு கையும் வருகிற வரைக்கும். இடது கைத் தீட்டு அங்கே செல்லுபடியாகாது. வாங்கியதை வீணாக்காமல் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதுதான் அங்கே கறாரான விதி.

எச்சில் கணக்கைத் தலைகீழாக்கும் இன்னும் இரண்டு இடம் உண்டு. காஷ்மீரத்து வாஸ்வான் விருந்தில் திராமி என்ற பெரிய செம்புத் தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்வார்கள். முதலில் ஒருவர் குடத்தோடும் பாத்திரத்தோடும் ஒவ்வொருவரிடமும் வந்து, உட்கார்ந்த இடத்திலேயே கை கழுவ வைப்பார். சோற்று மேட்டின் மேல் கபாப், விலா எலும்பு வறுவல் என்று அடுக்கியிருக்கும். பிறகு வாஸா எனப்படும் சமையல்காரர் ஒவ்வொரு கறியாகக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருப்பார். ஒரே தட்டு, நான்கு கை. எச்சில் என்ற பேச்சே இல்லை. ஆனால் ஒழுங்கு இல்லாமல் இல்லை. தனக்கு எதிரே உள்ள கால் பங்கில்தான் கை போக வேண்டும், அடுத்தவர் பக்கம் கை நீட்டினால் அதுதான் அநாகரிகம். தயிர்க் குழம்பில் மிதக்கும் இறைச்சி உருண்டையான குஷ்தாபா வந்தால் விருந்து முடியப்போகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். அதைத் தொடாமல் எழுந்தால் வருத்தப்படுவார்கள். தாவூதி போரா முஸ்லிம்கள் வீட்டில் இதே மாதிரி தால் என்ற பெரிய தட்டைச் சுற்றி எட்டுப் பேர் வரை உட்கார்வார்கள். ஒரு சிட்டிகை உப்பை நாக்கில் வைத்து ஆரம்பித்து, உப்பிலேயே முடிப்பார்கள். இனிப்பு முதலில், பிறகு காரம். ஒரு பருக்கையும் தாலில் மிஞ்சக் கூடாது. நான்கு பேர், எட்டுப் பேர் ஒரே தட்டில் சாப்பிடுவது சகோதரத்துவம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நம் பாட்டிமார் பார்த்தால் மயக்கம் போட்டிருப்பார்கள்.

என்ன சாப்பிடுவது என்பதில் விருந்தாளிகளுக்கு இருக்கும் குழப்பம் தனி. இந்தியா சைவ நாடு என்று நம்பி வருகிறார்கள். 2014 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் ராஜஸ்தானில் நான்கில் மூன்று பேர் சைவம், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம். பொட்டலங்களில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம். அசைவத்துக்கு இருந்த பழுப்புப் புள்ளியை, 2020-இல் வந்த விதிகள் முக்கோணமாக்கிவிட்டன. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு அது உதவும். முட்டை இருந்தால் அசைவக் குறிதான். பாலும் நெய்யும் சைவம், ஆகவே பால்பொருளே தொடாதவருக்குப் பச்சைப் புள்ளி உத்தரவாதமில்லை. 'நெய் போடாதீங்க' என்று தனியாகச் சொல்ல வேண்டும், சொன்னாலும் பொங்கலில் மணக்கும். சமணர்கள் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு தொட மாட்டார்கள், அவர்களில் பலர் சூரியன் மறைந்த பிறகு சாப்பிடவும் மாட்டார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத விருந்தாளி ஒருவர், இட்லியும் சாம்பாரும் அரிசி, பருப்புதானே என்று நிம்மதியாகச் சாப்பிடுவார். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும் என்பது சமைத்தவருக்கே தெரிந்திருக்காது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது.

வெளியே சாப்பிட்டால் பில்லில் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கலாம். தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டும். டிப்ஸ் கொடுப்பது அவரவர் இஷ்டம். மெஸ்களில் சாப்பிட்ட இலையை நாமே எடுத்துப் போட வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்பதற்கு மட்டும் பொது விதி கிடையாது. முன்னால் சாப்பிட்டு எழுந்தவர் என்ன செய்தார் என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கல்யாணப் பந்தியில் மட்டும் இலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அதோடு, பக்கத்தில் உள்ளவர் முடிக்கும் வரை எழக் கூடாது என்பது பழைய மரியாதை. இப்போது அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று நம் ரசத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் அதை யாரும் ரொம்பப் பார்ப்பதில்லை.

அன்றைக்கு ஊருக்குத் திரும்பும் வழியில் தோழியிடம் கரண்டி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்படியானால் அந்தச் சாம்பார் என்ன ஆயிற்று என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையில் தெரியும். சித்தி அதைக் கொட்டவில்லை. இன்னொரு முறை நன்றாகக் கொதிக்கவிட்டு, எனக்கு மட்டும் தூக்கில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். "உன் சிநேகிதிதானே, நீ சாப்பிட்டா ஒண்ணும் இல்ல" என்றார்.